பிசானத்துக்குப் பனி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புவி வெப்பமாதலின் நன்மை தீமைகளை அலசி, சென்ற ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். காற்றில் கரியமில வாயு கூடுவது பயிருக்கு உரமிட்டதற்குச் சமம், மழையும் கூடும், ஆகவே தென் மாவட்டத்து உழவர்களுக்கு இதனால் லாபமே என்னும் பொருளில் அதில் ஒரு வாக்கியம் வருகிறது. நான் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டத்தில், தாமிரபரணியின் வடகால் என்னும் வடக்குக் கால்வாய்ப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வைத்துப் பிழைப்பவன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் நாளிதழின் வாசகன். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு நாள் வந்து விசாரித்திருந்தால் கட்டுரையாளர் அந்த வாக்கியத்தை எழுதத் துணிந்திருக்க மாட்டார் என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

வெப்பத்தால் நன்மை உண்டா என்று கேட்பதே பிழை என்று நான் வாதிட வரவில்லை. கரியமில வாயு பெருகினால் பூமி சூடாகும் என்று 1896-இல் கணக்கிட்டுக் காட்டிய சுவீடன் அறிஞர் அரேனியஸ், அதனால் குளிர் நாடுகளில் பருவநிலை இதமாகும், விளைச்சல் பெருகும் என்று பின்னாளில் நம்பிக்கையோடு எழுதினார் என்பது தாங்கள் அறியாததல்ல. அவர் நாட்டின் குளிருக்கு அது நியாயமான நம்பிக்கையாக இருந்திருக்கலாம். சுவீடனுக்கும் சைபீரியாவுக்கும் பொருந்தும் கணக்கை எங்கள் தாமிரபரணிக் கரைக்கு அப்படியே எடுத்து வந்து எழுதியதுதான் என்னைப் புண்படுத்தியது.

கரியமில வாயு நெற்பயிரின் வளர்ச்சியைத் தூண்டும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி வளர்ந்த நெல்லின் அரிசியில் புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன என்று வயல்வெளிச் சோதனைகளின் அடிப்படையில் 2018-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மூன்று வேளையும் சோறு உண்ணும் ஊரில் இது சிறிய செய்தி அல்ல. கட்டுரை இதைத் தொடவே இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம் இரவு வெப்பம். பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் 1979 முதல் 2003 வரை பகல் வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியது. இரவு வெப்பமோ 1.13 டிகிரி கூடியது. மழையற்ற பருவத்துச் சாகுபடியில், இரவு வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் விளைச்சல் பத்து சதவீதம் குறைகிறது என்று 2004-இல் அந்த நிலையத்தார் வெளியிட்டார்கள். பகலில் சேர்த்த சத்தைப் பயிர் வெப்பமான இரவில் மூச்சு விட்டே செலவழித்துவிடுகிறது என்பது சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. அது பிலிப்பைன்ஸ் வயல், அதே கணக்கு எங்கள் வயலுக்கும் பொருந்தியே தீரும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் கார்த்திகையில் நடும் பின்பருவ நெல்லான பிசானத்துக்கு மார்கழிப் பனியும் தைப் பனியும் வேண்டும், பனி இறங்கினால்தான் மணி திரளும் என்று என் தகப்பனார் ஓயாமல் சொல்லுவார்கள். இப்போது தை மாதத்திலும் மின்விசிறி போடாமல் உறங்க முடியாத இரவுகள் வருகின்றன. அப்படிப்பட்ட ஆண்டுகளில் களத்தில் நெல்லைத் தூற்றும்போது முறத்துக்கு முன்னால் குவியும் பதரை நான் என் கையால் அள்ளியிருக்கிறேன். முன்பருவ நெல்லான கார் சாகுபடியைப் பற்றி என்ன சொல்ல? ஜூன் முதல் தேதி பாபநாசத்தில் திறக்க வேண்டிய நீர், அணையில் இருப்பு இல்லையென்றால் கடைமடையில் இருக்கும் எங்களுக்கு வருவதே இல்லை.

மழை கூடும் என்பதற்கு வருகிறேன். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதலான ஈரத்தைத் தாங்கும். பிடித்து வைத்திருக்கும் ஈரம் அத்தனையையும் ஒரே மூச்சில் கொட்டினால் அதை லாபம் என்று எப்படிச் சொல்வது? 2023-இல் மார்கழி பிறந்த டிசம்பர் 17 அன்று தொடங்கிக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தப் பகுதி ஓராண்டு முழுவதும் காணும் மழையை விட அது அதிகம். அந்த ஒரு மழைக்கு வெப்பமாதலே முழுக் காரணம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆயினும் மழை கூடுதல் என்பதை வரவுக் கணக்கில் எழுதுகிறவர் அந்த இரவைச் செலவுக் கணக்கிலாவது எழுதியிருக்க வேண்டும். பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார்களோடு என் அறுநூறு வாழைகள் சாய்ந்தன. நட்டு ஒரு மாதம்கூட ஆகாத பிசானப் பயிரின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறிக் கிடந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் பயிர்ச் சேதத்தை எழுதிக்கொண்டார்கள். மணலை அள்ளும் செலவுக்குப் படிவத்தில் இடமில்லை என்றார்கள். தூத்துக்குடி உப்பளங்களுக்கு வெயில் கூடுவது நல்லது என்றும் கட்டுரை சொல்கிறது. உப்பு வாரும் நேரத்தில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்தது அத்தனையும் கரைந்து போகும் என்பதை எந்த உப்பளத் தொழிலாளியும் சொல்லுவார்.

பழைய ஆதங்கம் ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் எங்கள் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கிக்கொண்டது தங்கள் முதல் பக்கத்தில் வந்தது, வர வேண்டியதுதான். பயணிகளுக்குச் சோறு பொங்கிக் கொடுத்த புதுக்குடி மக்களைப் பாராட்டியும் எழுதினீர்கள். ஆனால் அதே சுற்றுவட்டாரத்தில் மணல் மூடிய வயல்களின் படம் ஒன்றுகூட வரவில்லை. அதே மாதம் சென்னையில் புகுந்த வெள்ளத்துக்குத் தாங்கள் ஒதுக்கிய பக்கங்களை நான் எண்ணிப் பார்த்தேன் என்று சொன்னால் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது நான் எழுதிய கடிதத்தை வெளியிட்டீர்கள், நன்றி; மணலைப் பற்றிய பத்தியை மட்டும் நீக்கிவிட்டீர்கள்.

மாறிவரும் பருவநிலைக்குத் தக்கபடி உழவர்கள் தங்களைத் தகவமைத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டுரை ஒற்றை வரியில் முடிகிறது. நாங்கள் எதைக் கொண்டு தகவமைப்பது? ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குள் மண்மேடும் சீமைக்கருவேலமும், கால்வாயில் அமலை என்னும் நீர்ச்செடியும் மண்டிக் கிடந்தால் வருகிற வெள்ளம் எங்கே தங்கும்? கடலுக்குப் போகும் வெள்ள நீரைச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்சிப் பகுதிகளுக்குத் திருப்புவதற்காக 2009-இல் தொடங்கிய தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புப் பணி 2023 வெள்ளத்தின்போதுகூட முழுமை பெறவில்லை. குளத்தின் மடையும், மிகுநீர் வெளியேறும் மறுகாலும் சரியாக இருந்தால் பெருமழையையும் ஓரளவு சேமித்துக்கொள்ளலாம். அதுதான் எங்களுக்குத் தெரிந்த தகவமைப்பு. அதை உழவன் தனியாகச் செய்ய முடியாது. புகையைக் குறைப்பதும் அவன் கையில் இல்லை. லாபம் என்று எழுதிவிட்டால் இவ்விரண்டையும் செய்ய வேண்டியவர்கள் கை கழுவிவிடலாம் என்பதே என் அச்சம்.

தங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. நாள்தோறும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் வெளியிடுகிறீர்கள். அருகிலேயே நெல்லையின் அதிகபட்ச வெப்பநிலையும் வருகிறது. அதோடு இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையையும், சென்ற ஆண்டு அதே தேதியில் இருந்த அளவையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். இரண்டு வரி இடம் போதும். வரும் கார்த்திகையில் பிசான நடவு முடிவதற்குள் தொடங்கினால், கதிர் வரும் நாள்களில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம். இம்முறை கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால் என் வாழைக் கணக்கை நீக்கிக்கொள்ளுங்கள். மணலைப் பற்றிய வரியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
வடகால் பாசன உழவர் ஒருவர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்.