தற்காலிகத் தடை வான்பரப்பும் சிறு விமானங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முக்கியப் பிரமுகர்கள் மதுரைக்கு வரும்போதெல்லாம் ட்ரோன்கள் பறக்கத் தடை என்ற செய்தி நாளிதழ்களில் தவறாமல் வெளிவருகிறது. அதே வானில் ஆள் ஏறிப் பறக்கும் சிறு விமானங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நம் பகுதியில் அவை அதிகம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளம் செயல்படத் தொடங்கியதும், தென் மாவட்டங்களின் வானிலும் கடல்மேலும் தற்காலிகத் தடை என்பது வாடிக்கையாகிவிடும். விமானத் தகவல் தொடர்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதற்கு முன்பாகவே பேசித் தீர்க்க வேண்டிய ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

வான்பரப்பின் ஒரு பகுதி சில மணி நேரத்துக்கோ சில நாள்களுக்கோ மூடப்படும்போது 'நோட்டாம்' எனப்படும் அறிவிப்பு வெளியாகும். சுருக்கெழுத்துகளும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களும் நிறைந்த அந்த அறிவிப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில்தான் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. 0530 என்று அச்சாகியிருந்தால் அது நமக்கு முற்பகல் 11 மணி. முகூர்த்த நேரத்தை லண்டன் கணக்கில் அச்சிட்ட கல்யாணப் பத்திரிகையைப் போன்றது இது. உலகம் முழுவதற்கும் ஒரே முறை வேண்டும் என்பதால் இதை மாற்றச் சொல்ல இயலாது. புறப்படும் அவசரத்தில் இதைப் படிப்பவர் பெரும்பாலும் அனுபவம் குறைந்த பயிற்சி விமானி என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் சிறு விமானம் வைத்திருப்பவர், கட்டுப்பாட்டு வான்பரப்புக்கு வெளியே, பயணத் திட்டம் எதையும் தாக்கல் செய்யாமலும் யாரிடமும் பேசாமலும் பறந்துவிட முடியும். அங்கு அதிபர் ஓர் ஊருக்குச் சென்றால் பொதுவாகச் சுமார் 30 கடல் மைல், அதாவது 55 கிலோமீட்டர் ஆரத்தில் தடை விதிக்கப்படுகிறது. அதே அளவில் மதுரையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் விருதுநகரும் சிவகங்கையும் உள்ளே அடங்கிவிடும். அந்த வட்டத்தின் நடுப்பகுதியைத் தவிர்த்து வெளிவட்டத்தில் செல்ல விரும்புபவர் பயணத் திட்டம் அளித்து, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டர் கருவியில் தனக்கென ஒதுக்கப்பட்ட எண்ணை இட்டு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருடன் இடைவிடாத ரேடியோ தொடர்பில் இருக்க வேண்டும். பயிற்சிப் பறத்தலுக்கு அங்கே இடமில்லை. இதையெல்லாம் அறியாமல் உள்ளே நுழைந்தவரின் பக்கத்தில் போர் விமானம் வந்து இறக்கையை ஆட்டும். அவரும் இறக்கையை ஆட்டிப் பதிலளித்து, 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் பேசி, அந்தப் போர் விமானத்தைப் பின்தொடர்ந்து செல்ல வேண்டும்.

நம் நாட்டு முறை இதைவிடக் கண்டிப்பானது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பறக்கும் சிறு விமானம், விமானத் தகவல் மையத்தின் எண்ணையும் வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும் பெற்ற பிறகே கிளம்ப முடியும். இதனால் ஏற்படும் தாமதம் குறித்து விமானிகள் அலுத்துக்கொள்வதுண்டு. தரையிலேயே தடையைக் கண்டுகொள்ள இம்முறை உதவுகிறது என்பதே என் கருத்து. இதன் பயன் விமானம் கிளம்பும்வரைதான். பறந்துகொண்டிருக்கும்போது தடை தொடங்கினாலோ, நேரம் மாறினாலோ, எல்லை விரிந்தாலோ விமானியைச் சென்றடையக்கூடியது கட்டுப்பாட்டாளரின் குரல் ஒன்றுதான்.

வணிக விமானி உரிமம் பெற விரும்பும் மாணவர் 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரு பயணத்தில், இடையே வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏற வேண்டும். சேலத்தில் பயிற்சி பெறும் ஒருவர் அதற்காக மதுரைக்கு வருவது இயல்பு. சிறு விமானம் தாழ்வாகப் பறக்கும். அதன் ரேடியோ அலை நேர்கோட்டில் செல்வதால், திண்டுக்கல் அருகேயுள்ள சிறுமலைக்குப் பின்னால் தாழ இறங்கிவிட்டால் மதுரை விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் குரல் தெளிவாகக் கேட்கும் என்பதற்கு உறுதியில்லை. எனவே எச்சரிக்கை முன்கூட்டியே சொல்லப்பட வேண்டும். அதையும் 'தடைப்பகுதி நடப்பில் உள்ளது' என்ற பொதுவான வாசகமாகச் சொல்லாமல், எந்தத் திசையில் திரும்புவது, எந்த ஊரைக் கடக்கக் கூடாது, எத்தனை மணி வரை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தகவலைத் தேடி அறிவது விமானியின் கடமை என்று விதி சொல்வது சரியே. அதைக் காரணம் காட்டிக் கட்டுப்பாட்டாளர் மௌனம் காப்பது எனக்கு ஏற்புடையதல்ல.

ராக்கெட் ஏவுதலில் நேரம் தள்ளிப்போவது சாதாரணம். ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் தடை அறிவிப்பும் மாறும். தவறு நேர்ந்தால் திடீர்த் தடையும் வரும்: 2025 ஜனவரி 16 அன்று அமெரிக்காவிலிருந்து ஏவப்பட்ட ஸ்டார்ஷிப் ராக்கெட் சிதறியபோது, சிதைவுகள் விழக்கூடிய கரீபியன் பகுதியில் பயணிகள் விமானங்கள் திருப்பிவிடப்பட்டன, சில காத்திருக்க வைக்கப்பட்டன. குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட்டுகள் தெற்கே கடலை நோக்கிச் செல்லும் என்பதால் மதுரை நகருக்கு நேரடி ஆபத்து இல்லை. ஆயினும் தூத்துக்குடி விமான நிலையமும், ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் உள்ள கடற்படை வான்தளமும், மதுரை–கொழும்பு விமானப் பாதையும் இந்தத் தென்கோடியிலேயே இருக்கின்றன.

இந்திய விமான நிலைய ஆணையமும் இஸ்ரோவும் கடற்படையும் முதல் ஏவுதலுக்கு முன்பே மதுரை, தூத்துக்குடி கட்டுப்பாட்டாளர்களையும் பயிற்சி நிறுவனங்களின் ஆசிரியர்களையும் ஒன்றாக அமர்த்தி ஒத்திகை பார்க்க வேண்டும். தடையை அறிவிப்பதில் காட்டும் வேகத்தை, ஏவுதல் முன்னதாக முடிந்ததும் தடையை விலக்குவதிலும் அந்த ஒத்திகையில் சோதிக்க வேண்டும். பயிற்சி விமானத்தின் எரிபொருள் நான்கைந்து மணி நேரத்துக்குத்தான் வரும். திறந்துவிட்ட வானை மூடியிருப்பதாக எண்ணிச் சுற்றுவழியில் செல்லும் மாணவருக்கு அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானத் தகவல் தொடர்பு ஊழியர்,
திருநகர், மதுரை.