சீதபேதி அமீபாவின் மைட்டோசோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் சீதபேதி கட்டுரையில், அந்நோயை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிடிகா என்ற அமீபா, 'மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பு) இல்லாத ஆதி உயிரி' என்று எழுதப்பட்டிருந்தது. மலப் பரிசோதனைக்கூடத்தில் பல ஆண்டுகள் இந்த அமீபாவைப் பார்த்துப் பழகியவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் படித்த பாடநூல்களிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1999-இல், மைட்டோகாண்ட்ரியாவுக்கே உரிய புரதம் ஒன்று இந்த அமீபாவுக்குள் மிக நுண்ணிய பைகளில் இருப்பது தெரியவந்து, அவற்றுக்கு மைட்டோசோம் என்று பெயரிட்டார்கள். மூதாதையிடம் முழுதாக இருந்த உறுப்பு தேய்ந்து எஞ்சியதே இது. இதில் டிஎன்ஏ இல்லை, ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் திறனும் இல்லை. (எங்கள் சாதாரண நுண்ணோக்கியில் இதைக் கண்டுவிடலாம் என்று யாரும் தேட வேண்டாம்.)

இதன் வேலைதான் வியப்பானது. சல்ஃபேட்டை வினைக்குத் தயாராக்கும் நொதிகள் மைட்டோசோமுக்குள் இருப்பதை 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அப்படித் தயாரான சல்ஃபேட், பையைவிட்டு வெளியே வந்து, கொலஸ்ட்ராலுடன் சேர்ந்து கொலஸ்ட்ரில் சல்ஃபேட் என்ற கொழுப்புப் பொருளாகிறது. கொலஸ்ட்ராலைத் தானே உண்டாக்க அமீபாவுக்குத் தெரியாது, நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கொழுப்புப் பொருள் அமீபாவைச் சிஸ்டாக, அதாவது உறை போர்த்திய உறங்குநிலை வடிவமாக, மாறத் தூண்டுகிறது என்பது 2015-இல் வெளிவந்தது. ஹிஸ்டோலிடிகா ஆய்வகத்தில் எளிதில் சிஸ்டாக மாறாது என்பதால், ஊர்வனவற்றில் வாழும் எண்டமீபா இன்வேடன்ஸை வைத்தே இதைக் கண்டறிந்தார்கள்.

சிஸ்ட் எப்படிப்பட்டதென்று பரிசோதனைக்கூடக்காரர்களுக்குத் தெரியும். ரத்தமும் சளியுமாக வரும் மலத்தை உடனே உப்புக் கரைசலில் வைத்துப் பார்த்தால், சிவப்பணுக்களை விழுங்கிய அமீபா போலிக்கால் நீட்டி நகரும். கட்டியான மலத்தில், லுகால் அயோடின் ஒரு துளி விட்டதும், மஞ்சள் பழுப்பாகத் தெரியும் உருண்டைக்குள் நான்கு உட்கருக்கள் தெரியும், அதுதான் சிஸ்ட், அசையாது. சான்றிதழுக்காக வந்த சமையற்காரர் ஒருவரின் மாதிரியில் ஒருமுறை இதைக் கண்டேன். அவருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை.

கைட்டின் என்ற உறுதியான பொருளாலான உறை போர்த்திய அந்தச் சிஸ்ட்தான் தண்ணீரிலும் சமைக்காத காய்கறியிலும் ஏறி அடுத்தவர் வயிற்றுக்குப் போகிறது. குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் குளோரினுக்கும் எளிதில் சாவதில்லை. திசுவில் புகுந்த அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல், குடலுக்குள் இருக்கும் சிஸ்ட்டுகளை ஒழிக்கப் போதாது என்பதால்தான், அதற்குப் பின் டிலோக்சனைடு போன்ற இன்னொரு மருந்தை மருத்துவர்கள் தருகிறார்கள். மெட்ரோனிடசோலைப் பற்றி விரிவாகப் பேசிய கட்டுரை இந்த இரண்டாவது மருந்தைச் சொல்லாமல் விட்டது, மைட்டோகாண்ட்ரியா பற்றிய பிழையைவிடப் பெரிய குறை. இரண்டுக்குமான திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர்,
மதுரை.