சிவப்பைப் பற்றியல்ல, அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மும்பையில் மழைநீரில் சயான், குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்கி லோக்கல்கள் நிற்கும்போதெல்லாம் 'சிக்னல் கோளாறு' என்று பயமுறுத்தும் தலைப்புகள் வருகின்றன. கோளாறால் சிக்னல் சிவப்பாக நிற்பதில் ஆபத்து இல்லை. அதைச் சரிசெய்யும் அவசரத்தில்தான் இருக்கிறது.

தண்டவாளத்தை மின்காப்பு இணைப்புகளால் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனையில் சிறிதளவு மின்சாரம் கொடுத்து, மறுமுனையில் ரிலே (மின்சாரம் கிடைக்கும்வரை மட்டும் பிடித்து நிற்கும் சுவிட்ச்) வைப்பார்கள். இதுதான் ட்ராக் சர்க்யூட். ரயில் ஏறினால் அச்சு இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும். மின்சாரம் கிடைக்காத ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். கம்பி அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் இதே கதிதான். ஜல்லி மூழ்கினால் மின்சாரம் தண்ணீர் வழியே கசிந்து, ரயிலே இல்லாமல் ரிலே விழுகிறது. தானியங்கி சிக்னல் என்றால் மோட்டார்மேன் பகலில் 1 நிமிடம், இரவில் 2 நிமிடம் நின்று, ஹார்ன் அடித்து, அடுத்த சிக்னல் வரை ஊர்ந்து போகலாம். தாமதம்தான், மோதல் இல்லை.

தண்ணீருக்கு அசராத ஆக்சில் கவுண்டரே போதுமே என்பார்கள். அது உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்தவற்றையும் எண்ணிச் சரிபார்க்கும். ஆனால் தண்டவாளம் முறிந்தால் அதற்குத் தெரியாது. ட்ராக் சர்க்யூட் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

உயிரைக் குடிப்பது எதிர்வகைப் பழுது: ரயில் நிற்கும் தடத்தைக் காலி என்று காட்டுவது, பாயிண்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் இடம்) ஒரு பக்கம் இருக்க வேறு பக்கத்துக்குப் பச்சை கொடுப்பது. இதற்காகத்தான் தண்டவாளங்களுக்குக் குறுக்கே 0.5 ஓம் மின்தடையை வைத்து ரிலே விழுகிறதா என்று பார்க்கிறார்கள். பாயிண்டின் நகரும் நாக்குக்கும் அது ஒட்ட வேண்டிய தண்டவாளத்துக்கும் நடுவே 5 மி.மீ. கட்டையைச் செருகி, அப்போது சிக்னல் பச்சையாகாமல் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். தண்டவாளத்தோரம் சிக்னல் வயர்கள் இணையும் லொக்கேஷன் பாக்ஸுக்குள் ஒரு கம்பியை மாற்றிப் போட்டால் இந்தக் காவல் எல்லாம் வீண். 2023 பிப்ரவரியில் கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் பாயிண்ட் தவறாக இருப்பதை ஓட்டுநர் கண்ணால் பார்த்து நிறுத்தியதால் தப்பித்தார்கள். அதே ஆண்டு ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் மெயின் லைனுக்குப் பச்சை வாங்கிக்கொண்டு லூப் லைனில் (பக்கத் தடத்தில்) நின்ற சரக்கு ரயிலில் மோதியது. ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, லெவல் கிராசிங் கேட் தொடர்பான பணிகளில் நடந்த வயரிங் தவறுகளைச் சுட்டியது. ரயில் மோதலைத் தடுக்கும் தானியங்கிக் கருவியான கவச் இருந்திருந்தால் தப்பியிருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். பாயிண்டும் சிக்னலும் முரண்படாமல் பூட்டி வைக்கும் இன்டர்லாக்கிங் தரும் தகவலை நம்பித்தான் கவச்சும் வேலை செய்கிறது.

ஆகவே 'அரை மணியில் சரிசெய்தனர்' என்று பாராட்டி எழுதும் முன் உங்கள் நிருபர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும். வேலைக்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிஸ்கனெக்ஷன் மெமோ (கருவியை இணைப்பிலிருந்து நீக்கும் அறிவிப்பு) கொடுத்தார்களா? அங்கீகரிக்கப்பட்ட வரைபடப்படி வயரிங் இருந்ததா? முழுச் சோதனை முடிந்த பிறகுதான் மீண்டும் இணைத்ததைச் சொல்லும் ரீகனெக்ஷன் மெமோவில் கையெழுத்துப் போட்டார்களா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செம்பூர், மும்பை