திரைப்படக் கழகம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, கழகத்தின் அன்பு உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டறிக்கையில் ஒரு படத்தின் முடிவை எழுதிவிட்டேன் என்று பொதுக்குழுவில் எனக்குக் கண்டனம் தெரிவிக்கப்பட்டது. குறிப்பேட்டில் அது பதிவாகியிருக்கிறது. ஆகவே இந்த அறிக்கையில் எந்தப் படத்தின் முடிவும் சொல்லப்படவில்லை. 1960க்கு முன்பு வந்த படங்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு பொருந்துமா என்று செயற்குழுவிடம் எழுத்துமூலம் கேட்டேன். பதில் வரவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதே பொதுக்குழுவில், எல்லோரும் நாற்காலியை விட்டு எழும் நேரத்தில், இன்னொரு தீர்மானமும் முன்மொழியப்பட்டது: இனிக் கழகத்தில் ரீமேக் படங்களைத் திரையிடக் கூடாது. முன்மொழிந்தவர் நம் மூத்த உறுப்பினர். பேய்ப்படங்களை வைத்தே அவர் வாதாடினார். "நகைச்சுவைக் காட்சிக்கு இரண்டாம் முறையும் சிரிப்பு வரும். பயம் அப்படியில்லை. கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகு எதற்காக மறுபடியும் கதவைத் திறக்க வேண்டும்?" என்று கேட்டார். பலத்த கைதட்டல். நான் மட்டும் எதிர்த்தேன். கடைசியில் ஒரு திருத்தத்துடன் சமாதானம் ஏற்பட்டது. ஓராண்டுக்குப் பேய்ப்படங்களை மட்டும் எடுத்துக்கொள்வது, மூலப்படம் ஒரு வாரம், ரீமேக் அடுத்த வாரம் என்று ஜோடியாகத் திரையிடுவது, அதன் பிறகு தீர்மானத்தை மறுபடியும் விவாதத்துக்கு எடுப்பது. அவ்வாறு எட்டு ஜோடிகள் திரையிடப்பட்டன. அவற்றின் கணக்கைத்தான் இப்போது சமர்ப்பிக்கிறேன். இதில் சொந்தக் கருத்துகள் கலந்திருக்கின்றன என்பதையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன்.

நிர்வாக விஷயங்களைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது. ஏழாவது கூட்டம் தேவையான அளவு உறுப்பினர்கள் வராததால் ஒத்திவைக்கப்பட்டது. புதிய உறுப்பினர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் பேய்ப்படம் என்பதற்காகவே வந்தவர்கள் என்பதால், அடுத்த ஆண்டு எத்தனை பேர் நிலைப்பார்கள் என்பதை இப்போது சொல்ல இயலாது. வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

முதல் ஜோடி 'சைக்கோ'. ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 1960ஆம் ஆண்டுப் படத்தை 1998இல் கஸ் வான் சான்ட் வண்ணத்தில் ஏறக்குறைய ஷாட்டுக்கு ஷாட் அப்படியே மறுபடி எடுத்தார். அதே திரைக்கதை, அதே இசை. கதாநாயகி திருடும் தொகை மட்டும் 40,000 டாலரிலிருந்து 4,00,000 டாலராக உயர்ந்திருந்தது. விலைவாசி. முதல் வாரம் குளியலறைக் காட்சியில் அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. கறுப்பு வெள்ளையில் ரத்தமாக ஓடியது சாக்லேட் சிரப் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும் இந்த அமைதி. மறுவாரம் அதே காட்சி, அதே வெட்டுகள், ரத்தம் இப்போது சிவப்பு. பின்வரிசையில் இருவர் அடுத்த ஷாட்டை முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேர்வுத்தாளை ஒப்பிட்டுத் திருத்துகிறவர்களின் முகம் அவர்களுக்கு. மூத்த உறுப்பினர் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. அன்றைக்கு வாக்கெடுப்பு வைத்திருந்தால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியிருக்கும், என் வாக்கையும் சேர்த்து.

நிலைமை மாறியது 'தி திங்' வந்த மாதத்தில். 1951இல் ஹோவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பில் வந்த மூலப்படத்தில், பனிக்கு அடியில் புதைந்திருக்கும் ஒன்றின் வடிவத்தை அறிய மனிதர்கள் அதன் விளிம்பில் பரவலாகப் போய் நிற்கிறார்கள். கைகளை நீட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். தாங்கள் நிற்பது ஒரு வட்டமாக என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிகிறது. கீழே இருப்பது பறக்கும் தட்டு. அந்த வட்டம் போதும், வேறு எதையும் காட்டவேண்டியதில்லை. 1982இல் ஜான் கார்பென்டர் இதைத் திரும்ப எடுத்தபோது அந்தக் காட்சியைப் போட்டி போட்டு மிஞ்சப் பார்க்கவில்லை. அண்டார்டிகாவில் அழிந்துபோன நார்வே ஆய்வு முகாமிலிருந்து ஒரு வீடியோ நாடா கிடைக்கிறது. அமெரிக்க முகாமில் அதை ஓட்டிப் பார்க்கிறார்கள். மங்கலான படத்தில் சில மனிதர்கள் பனியில் வட்டமாக நிற்கிறார்கள். பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே முதுகுத்தண்டு சில்லிடும். அந்த மனிதர்களுக்கு என்ன நேரும் என்று நமக்குத் தெரியும். நாடாவைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு இன்னும் தெரியாது.

மூத்த உறுப்பினரின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். ரீமேக்கின் கையில் மூலத்துக்கு இல்லாத ஒரு கருவி இருக்கிறது: பார்ப்பவருக்கு ஏற்கெனவே தெரியும் என்பது. கதவுக்குப் பின்னால் இருப்பது நமக்குத் தெரியும், திறக்கப்போகிறவனுக்குத் தெரியாது. இந்த இடைவெளியில் வேலை செய்யத் தெரிந்த இயக்குநர் பிழைத்துக்கொள்கிறார். தெரியாதவர்கள் கதவை இன்னும் சத்தமாகத் திறக்கிறார்கள்.

கார்பென்டரின் படம் உண்மையில் ரீமேக்தானா என்றும் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு படங்களுக்கும் மூலம் ஜான் டபிள்யூ. கேம்ப்பெல் 1938இல் எழுதிய கதை. பனியில் கிடைத்த வேற்றுக்கிரக ஜந்து எவரின் உருவத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பது கதையின் உயிர்நாடி. 1951இல் அதைக் கைவிட்டுவிட்டு உயரமான ஒரு மனிதருக்கு வேடம் போட்டு நிறுத்தினார்கள். கார்பென்டர் கைவிடப்பட்டதை மீட்டு எடுத்தார். சூடாக்கிய கம்பியை ஒவ்வொருவரின் ரத்த மாதிரியிலும் தொட்டுப் பார்க்கும் காட்சியில், எப்போதும் முன்வரிசையில் அமரும் நம் உறுப்பினர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிவைத்துக்கொண்டார். விளக்கு எரிந்த பிறகுதான் இறக்கினார். இதே படம் 1982 ஜூனில் வெளியானபோது விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், வசூலும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்திருந்த 'ஈ.டி.'யின் வேற்றுக்கிரகவாசிமீது ஊரே அன்பைப் பொழிந்துகொண்டிருந்தது. 2011இல் இதே பெயரில் வந்த முன்கதைப் படத்தையும் ஆர்வத்தில் சேர்த்துப் போட்டோம். கையால் இயக்கும் பொம்மைகளை அரும்பாடுபட்டுச் செய்துவிட்டு, பிறகு அவற்றின்மேல் கணினி வரைகலையைப் பூசி மறைத்த படம் அது. அதைப் பற்றி மேலும் எழுதுவது தாளுக்குக் கேடு.

'தி ஃப்ளை' இதே வழியில் இன்னும் ஆழமாகப் போனது. 1958 படத்தில் விஞ்ஞானி ஒரே விபத்தில் ஈயின் தலையுடன் வெளியே வந்துவிடுகிறான். டேவிட் க்ரோனன்பெர்க் 1986இல் அதே விபத்தை ஒரு நோயாக மாற்றினார். தலைப்பிலேயே ஈ இருக்கிறது, என்ன ஆகப்போகிறது என்பதில் ரகசியமே இல்லை. ஆனால் நகம் கழன்று வருவதிலும், உதிர்ந்த உறுப்புகளைக் குளியலறை அலமாரியில் அவன் வரிசையாகச் சேர்த்துவைப்பதிலும் பார்ப்பவர் உடைந்துபோகிறார். ஒப்பனைக்காக ஆஸ்கர் விருது பெற்ற படம். ஆனால் திரையிடலுக்குப் பின் ஒப்பனையைப் பற்றி யாரும் பேசவில்லை. நோயாளியின் படுக்கையருகே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்ததைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். கழகக் கூட்டத்தில் அப்படி ஒரு பேச்சு அதற்கு முன்பு நடந்ததாக எனக்கு நினைவில்லை.

'நோஸ்ஃபெராட்டு' மாதத்தில் நிகழ்ந்த தவறுக்குச் செயலாளர் என்ற முறையில் நானே பொறுப்பேற்கிறேன். எஃப்.டபிள்யூ. முர்னாவின் 1922 படம் மௌனப்படம் என்பதால், ஒலிபெருக்கிக் கம்பி செருகப்படவே இல்லை என்பதை இருபது நிமிடம் எவரும் கவனிக்கவில்லை. மின்விசிறியின் சத்தத்தில், படத்தின் இரத்தக்காட்டேரியான ஓர்லாக் பிரபு கோட்டை வாசலில் நின்றார். பிறகு கம்பியைச் செருகி இசையை வரவழைத்தபோது, "நிறுத்துங்கள், அப்படியே இருக்கட்டும்" என்று குரல்கள் எழுந்தன. மீதிப் படமும் மின்விசிறிச் சத்தத்துடனேயே ஓடியது.

அந்தப் படத்தின் கதையே கழகத்தின் விவாதத்துக்குப் பொருத்தமானது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலை உரிமை வாங்காமல், பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குத் தொடர்ந்தார். பிரதிகளை அழிக்கும்படி 1925இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. சில பிரதிகள் எப்படியோ தப்பின. வேடிக்கை என்னவென்றால், நாவலில் டிராகுலா பகலில் நடமாடக்கூடியவன், வலிமை குறையுமே தவிர சாகமாட்டான். சூரிய ஒளி பட்டால் இரத்தக்காட்டேரி அழிந்துவிடும் என்று உலகம் முழுதும் நம்புவது இந்தத் திருட்டுப் படம் கொடுத்தது. (முடிவைச் சொல்லிவிட்டேன். ஆண்டு 1922, கவனிக்கவும்.) நகல் எடுத்தவர் போட்ட ஒட்டு, அசல் துணியைவிட அதிக நாள் உழைத்திருக்கிறது. ராபர்ட் எகர்ஸின் 2024 படத்தைப் பலர் நீளம் என்றார்கள். ஓர்லாக்குக்கு வைத்த அடர்ந்த மீசையைச் சிலரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. எனக்குப் பிடித்திருந்தது. எகர்ஸ் ஒரு திருப்பத்தையும் ஒளித்துவைக்கவில்லை. விடியலை நோக்கி எல்லோரும் தெரிந்தே நடக்கிறார்கள்.

பார்த்தவரைக் கொல்லும் ஒரு வீடியோ நாடாவின் கதை 'ரிங்கு' (1998). அதுவும் அதன் அமெரிக்க ரீமேக்கான 'தி ரிங்'கும் (2002) சேர்ந்த ஜோடிக்கு ஓர் உறுப்பினர் வீட்டிலிருந்து பழைய வீடியோ நாடா ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கறுப்பு உறை, ஒட்டியிருந்த காகிதத்தில் எழுத்து அழிந்திருந்தது. இளைய உறுப்பினர்கள் பலர் அப்படி ஒன்றைக் கையில் எடுத்ததே இல்லை. படத்துக்கு முன்பு ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். படம் முடிந்த பிறகு ஒருவரும் தொடவில்லை. 'ரிங்கு'வின் பேயான சதாகோ தொலைக்காட்சியிலிருந்து வெளிவரும் காட்சியில், கபுகி என்ற ஜப்பானிய நாடகப் பயிற்சி பெற்ற நடிகையைப் பின்னோக்கி நடக்கவைத்து, படச்சுருளைத் தலைகீழாக ஓட்டினார்கள் என்று விளக்கினேன். அதற்குப் பிறகும் பயம் குறையவில்லை என்று பதில் வந்தது. கோர் வெர்பின்ஸ்கியின் ரீமேக் நன்றாகவே செய்யப்பட்டது, ஆனால் விளக்கம் சற்று அதிகம். பேய்க்கு எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கும் படம் பாதி ராத்திரியில் நினைவுக்கு வருவதில்லை.

'டெக்சாஸ் செயின் சா மாசக்கர்' 1974, 2003 இரண்டுக்கும் ஒளிப்பதிவாளர் ஒருவரே, டேனியல் பேர்ல். முதலாவதை 16 மி.மீ. படச்சுருளில் எடுத்தார், வெயிலும் வியர்வையும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது பளபளப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

ஆண்டின் மிகச் சூடான கூட்டம் 'மணிச்சித்ரத்தாழ்', 'சந்திரமுகி' ஜோடிக்கு நடந்தது. குறிப்பேட்டில் நான்கு பக்கம் அதற்கே போயிற்று. பாசிலின் 1993 மலையாளப் படம் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா', தமிழில் 'சந்திரமுகி', இந்தியில் 'பூல் புலையா' என்று மொழி மொழியாகப் போனது. கன்னடத்துக்கும் தமிழுக்கும் இயக்குநர் பி. வாசு. மூலத்தில் மோகன்லாலின் மருத்துவர் வருவதற்கு வெகுநேரம் ஆகிறது. அதுவரை வீடுதான் கதாநாயகன், யாரைச் சந்தேகிப்பது என்று தெரியாமல் நாம் தவிக்கிறோம். தமிழில் ரஜினிகாந்த் தொடக்கத்திலேயே சண்டையோடு வந்துவிடுகிறார். காப்பாற்ற ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பயத்துக்கு என்ன வேலை என்று ஒரு தரப்பு. அது பயத்துக்காக எடுத்த படமே அல்ல, கொண்டாட்டத்துக்காக எடுத்தது, தெரிந்தே செய்ததற்குக் குறை சொல்லக் கூடாது என்று மறு தரப்பு. ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததை ஒருவர் எழுப்ப, ஜோதிகாவின் கண்களை இன்னொருவர் எழுப்ப, தலைவர் அவர்கள் மேசையைத் தட்டி அமைதி வேண்டினார். நான் முதல் தரப்பு. ஆனால் "லகலக" என்ற குரல் எழுந்தபோது அரங்கமே சேர்ந்து சொன்னதையும், அதில் என் குரலும் இருந்ததையும் மறைப்பதற்கில்லை.

கடைசி ஜோடி 'ஸ்பீக் நோ ஈவில்'. 2022 டென்மார்க் படம், 2024 அமெரிக்க ரீமேக். மரியாதைக்குப் பயந்து விருந்தாளிகள் ஒவ்வொரு அவமானத்தையும் விழுங்கிக்கொண்டே போகும் கதை. ரீமேக்கில் ஜேம்ஸ் மெக்கவாயின் நடிப்பு அபாரம். ஆனால் கடைசி அரைமணி நேரம் மூலத்துக்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. எந்தத் திசை என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. மூலம் முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை, ரீமேக் முடிந்ததும் கைதட்டினார்கள். எது வெற்றி என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். ஜார்ஜ் ஸ்லைசர் தன்னுடைய 1988 படமான 'தி வானிஷிங்'கை 1993இல் அமெரிக்காவில் தானே மறுபடி எடுத்து, தன் முடிவைத் தானே மாற்றினார். மாற்றானுக்குக் கொடுத்த பிள்ளையைப்போல அந்த இரண்டாம் படம் இன்றும் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

புதிய படங்களில் 'சின்னர்ஸ்', 'வெப்பன்ஸ்' இரண்டையும் உறுப்பினர்கள் அரங்குக்குச் சென்று பார்த்துவிட்டு வந்து பேசினார்கள். இரண்டும் ரீமேக் அல்ல. ஒரே வகுப்பைச் சேர்ந்த பதினேழு பிள்ளைகள் அதிகாலை 2:17 மணிக்குக் கைகளை விரித்தபடி இருட்டில் ஓடும் காட்சி 'வெப்பன்ஸ்' படத்தில் வருகிறது. இன்னும் இருபது ஆண்டில் யாராவது இதை ரீமேக் செய்வார்கள், அப்போதும் அந்தக் கைகளைத் தொடாமல் விட்டால் நல்லது என்று மூத்த உறுப்பினர் சொன்னார். ரீமேக் நடக்கும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டதாக இதை நான் குறிப்பேட்டில் பதிவுசெய்திருக்கிறேன். அவர் ஆட்சேபித்தால் திருத்திக்கொள்கிறேன்.

புரொஜெக்டரின் விளக்கு மங்கிவருகிறது. இருண்ட காட்சிகளில் பேய் தெரியவில்லை என்ற புகார் இருமுறை வந்தது. இன்னும் ஓராண்டு தள்ளலாம் என்பது பொருளாளரின் கருத்து. நூலகத்திலிருந்து எடுத்துச்சென்ற புத்தகங்களை உடனே திருப்பித் தரவும். சந்தா நிலுவை வைத்திருப்பவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறேன். வாசிக்கவில்லை.

திரையிடல்களுக்குத் துணைநின்ற தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், அரங்கைத் திறந்துகொடுத்து நள்ளிரவுவரை விழித்திருந்த காவலர் ஆகியோருக்கு நன்றி. இன்று நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக ரீமேக் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 'ரிங்கு' திரையிடலுக்குக் கொண்டுவந்த வீடியோ நாடா இன்னும் அலுவலக மேசை இழுப்பறையிலேயே கிடக்கிறது. கொண்டுவந்தவர் தனதல்ல என்கிறார். உரியவர் எவரோ, தயவுசெய்து இந்த வாரத்துக்குள் வந்து எடுத்துச்செல்லவும்.

இப்படிக்கு,
செயலாளர்