22 பக்க விதிமுறை எழுதியவனுக்கு

அன்புள்ள நண்பா,

மூன்று மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டி முடித்திருப்பாய். மிச்சம் இருந்தால் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். குண்டூசி அப்படியேதான் இருக்கிறான், கேட்காதே.

உங்கள் நிறுவனம் தொண்டு அமைப்புகளுக்குக் கொடுக்கும் நிதியுதவிக்காக நீ எழுதி அனுப்பிய விதிமுறைக்கு வருகிறேன். 22 பக்கமாடா? 'பரஸ்பர நம்பிக்கை' நான்கு இடத்தில் வருகிறது. 'நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மிகாமல்' என்று ஒரே இடத்தில்தான் வருகிறது, ஆனால் அது அந்த நான்கையும் தின்றுவிடும். வாடகை, கணக்காளர் சம்பளம், தணிக்கைக் கட்டணம், கணினி எல்லாம் சேர்ந்தால் 20 சதவீதத்தை எளிதில் தொடும். நீ 5 கொடுத்தால் மீதி 15 எங்கிருந்து வரும்? வாடகை 'பயிற்சி அரங்கு' ஆகிவிடும், கணக்காளர் 'கள ஒருங்கிணைப்பாளர்' ஆகிவிடுவார். முதல் பொய்யை நீயே சொல்லிக்கொடுத்துவிட்டு, அறிக்கையில் உண்மை இல்லையே என்று என்னிடம் புலம்புகிறாய். தொண்டு நிறுவன ஆலோசகர்களான கிரிகரியும் ஹோவர்டும் 2009-லேயே இதற்குப் பட்டினிச் சுழற்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கொடுப்பவர் குறைவாக எதிர்பார்க்க, வாங்குபவர் குறைத்துக் காட்ட, அந்தக் குறைந்த கணக்கே அடுத்த முறைக்கு அளவுகோலாகிவிடுகிறது. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை, தான் கொடுக்கும் நிர்வாகச் செலவை 10 சதவீதத்திலிருந்து 20 ஆக்குவதாக 2015-ல் அறிவித்தது. உன் தலைவரிடம் அதைச் சொல். பெரிய இடத்துப் பெயருக்குத்தான் அவர் காது திறக்கும்.

அடுத்தது தவணை. அறிக்கை வந்தால்தான் இரண்டாம் தவணையாம். அறிக்கை 10 நாள் தாமதம், உங்கள் குழு கூடுவதற்கு 20 நாள், கையெழுத்துக்கு ஒரு வாரம். அதற்குள் களப்பணியாளருக்கு ஒரு மாதச் சம்பளம் போய்விடும். பிறகு பணத்தை வரவழைக்கத்தான் அறிக்கை எழுதுவார்கள், நடந்ததைச் சொல்ல அல்ல. குறித்த தேதியில் பணத்தை அனுப்பிவிடு, அறிக்கையைத் தனியாகக் கேள். செலவுத் தலைப்புகளுக்குள் 15 சதவீதம் வரை உன்னைக் கேட்காமலே மாற்றிக்கொள்ளட்டும். உதவியை நிறுத்தப்போகிறாய் என்றால் ஓராண்டு முன்பே சொல்லிவிடு.

அப்படியென்றால் கண்ணை மூடிக்கொள்வதா என்று நம் தத்துவஞானி கிளம்பிவிடுவான். இல்லை. காசோலைக்கு இரண்டு கையெழுத்து, மாதாமாதம் வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு, ஆண்டுத் தணிக்கை, இவற்றில் ஒன்றையும் விடாதே. ஆனால் அவர்கள் ஏற்கெனவே தயாரித்து வைத்திருப்பதையே வாங்கு. அதையே உன் படிவத்தில் மறுபடி நிரப்பச் சொல்லாதே.

விளையாட்டு போதும், இதைக் கவனமாகக் கேள். தோல்வியே இல்லாத அறிக்கை வந்தால் பயப்படு. அரை மணி நேரம் போனில் பேசி, 'எது சரியாக வரவில்லை?' என்று கேள். குறிப்பை நீயே எழுதி அவர்களிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள். யாராவது முதல்முறையாக 'பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள்' என்று வாய்திறந்தால், 'ஏன், என்ன மாற்றலாம்?' என்பதோடு நில். தலைவருக்கு நகல் போட்டு விளக்கம் கேட்டாயோ, ஒரே வாரத்தில் நீ நிதி கொடுக்கும் அத்தனை அமைப்புக்கும் சேதி போய்விடும். அவர்கள் தங்களுக்குள் எல்லாம் பேசிக்கொள்வார்கள், உன்னிடம்தான் பேச மாட்டார்கள்.

திருத்திய விதிமுறையை அனுப்பு. 4 பக்கத்துக்கு மேல் போனால் படிக்க மாட்டேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சு