அவள் கட்டிப்பிடித்த எழுத்து

யெரெவான், ஆர்மேனியா,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

நலம்தானே? மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. வேலை இருக்கும், தெரியும். நீ லாஸ் ஏஞ்சலஸில் எழுந்து காப்பி போடும்போது எனக்கு இங்கே இருட்டிவிடுகிறது, நான் கூப்பிட்டால் நீ தூக்கத்தில் இருப்பாய் என்று நானும் கூப்பிடாமல் விட்டுவிடுகிறேன். அம்மா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. போனமுறை நீ சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. "யோசிக்கிறவன் எவன் அங்கே மிச்சம் இருக்கிறான், அம்மா?" என்று கேட்டாய். குழந்தையை ஆர்மேனிய மொழி படிக்கச் சனிக்கிழமைப் பள்ளிக்கு அனுப்புவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு அதுவா பதில்?

கோடையில் நீங்கள் வந்தபோது அர்தஷாவான் எழுத்து நினைவிடத்தில் எடுத்த படம் குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கிறது. அரகட்ஸ் மலை பின்னால், நம் ஆர்மேனிய மொழியின் 39 எழுத்துகளும் கல்லில் செதுக்கி நிற்கின்றன, எல்லாரும் தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடி ஓடுகிறார்கள். உன் குழந்தையும் ஓடினாள். ஒரு எழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது அவள் எழுத்து இல்லை. நீ சிரித்தாய், நானும் படத்துக்காகச் சிரித்தேன். ஏழு வயது, தன் பெயரின் முதல் எழுத்து எது என்று தெரியவில்லை. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை, இப்போது எழுதுகிறேன்.

நீ சொல்லும் காரணம் எனக்கு நினைவிருக்கிறது. உன் மாமியார் பெய்ரூட்டிலிருந்து கொண்டுவந்த மேற்கு ஆர்மேனியம், நாம் பேசுவதிலிருந்து வேறான வழக்கு, ஒரு பக்கம், பள்ளியில் சொற்களை எழுத்துக்கூட்டும் பழைய முறை, நான் அனுப்பும் புத்தகங்களில் 1922-இல் மாற்றிய முறை, குழந்தை குழம்பிப்போகிறாள். அது உண்மைதான். ஆனால் என் பாட்டி இப்போது துருக்கியில் இருக்கும் முஷ் ஊரிலிருந்து வந்தவள், கடைசிவரை பழைய முறையில்தான் எழுதினாள், அவள் எழுதியதைப் படிக்க எனக்கு ஒரு கஷ்டமும் இருந்ததில்லை. உன் மாமியார் பேசும் மொழியை 2010-இல் யுனெஸ்கோ அழியும் ஆபத்தில் இருக்கும் மொழி என்று எழுதிவைத்தது. ஆபத்தில் இருப்பதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கத்தானே வேண்டும்? தினம் பத்து நிமிஷம் போதும். எந்த முறையாக இருந்தாலும் சரி.

1794-இல் மெட்ராஸில் ஒரு பாதிரியார், ஷ்மாவோன்யான், ஆர்மேனிய மொழியின் முதல் பத்திரிகையை அச்சடித்தார். நாடு என்று ஒன்று இல்லாத காலம், சுற்றிலும் இந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஒரு சிலர்தான். உனக்கு வீட்டிலிருந்து பள்ளிக்கு இருபது நிமிஷம், அதுவும் காரில்.

இங்கே செய்தி என்ன சொல்வது. மூன்றாம் மாடிப் பேராசிரியர் இறந்துபோன பிறகு, மாஸ்கோவில் இருக்கும் அவர் பிள்ளைகள் வீட்டை விற்றுவிட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அலமாரியை வைத்துக்கொண்டு புத்தகங்களைக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டார்கள். ஆர்மேனிய சோவியத் கலைக்களஞ்சியம், 13 தொகுதியும், மழையில். நான் நாலு தொகுதி தூக்கி வந்தேன், அதற்கே இடுப்பு பிடித்துக்கொண்டது. திரும்பப் போனபோது மீதி இல்லை. யாரோ எடுத்தார்களா, வண்டி வந்துவிட்டதா, தெரியாது. ஈரமான பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாளை வைத்து ரேடியேட்டர் மேல் காயவைத்திருக்கிறேன், வீடெல்லாம் பசை வாசனை.

தொலைக்காட்சியைத் திறந்தால் ஒருவரை ஒருவர் துரோகி என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் தாய்மொழியும் வரலாறும் கட்டாயம் இல்லை என்று 2019-இல் சட்ட வரைவு வந்தபோது பிள்ளைகள் தெருவில் இறங்கினார்களே, அப்போதாவது ஒரு வாதம் இருந்தது. அப்புறம் 2020 கராபாக் போர். அதற்குப் பிறகு வாதமே இல்லை. பாடத்தின் பெயர் ஆர்மேனியர் வரலாறா, ஆர்மேனியாவின் வரலாறா என்று சண்டை போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்தப் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பார்கள்? விருந்தாளி வந்தால் எல்லாரும் மதேனதாரான் சுவடிக் காப்பகத்துக்குக் கூட்டிப் போகிறோம், 28 கிலோ எடையுள்ள முஷ் பிரசங்கத் தொகுப்பு என்ற சுவடியைக் காட்டுகிறோம், 1915 இனப்படுகொலையின்போது இரண்டு பெண்கள் அதைப் பாதி பாதியாகப் பிரித்துச் சுமந்து காப்பாற்றிய கதையைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். வீட்டுக்கு வந்தால் அலமாரியில் கண்ணாடிக் கோப்பைகள். எழுத்தைக் கும்பிடுகிறோம், படிப்பதை விட்டுவிட்டோம். இதை வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அதனால்தான் உன் மேலும் வந்தது. ஏனென்றால் நாம் அப்படி இல்லை. மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத 1992 குளிர்காலம் உனக்கு நினைவிருக்கும். தரைப் பலகையைப் பெயர்த்து அடுப்பில் போட்டோம், பியானோ முக்காலி போனது, அப்பாவின் புத்தக அலமாரியே போனது, புத்தகம் ஒன்றுகூடப் போகவில்லை. சுவரோரம் தரையில் அடுக்கி வைத்திருந்தோம், நீ அதன் மேல் உட்கார்ந்து விளக்கு வெளிச்சத்தில் படித்தாய். மெர்கெல்யான் கணினி நிறுவனத்தில் நாயிரி கணினிக்கு உழைத்த உன் அப்பா வெர்னிசாஜ் சந்தையில் தன் கருவிகளை ஒவ்வொன்றாக விற்றார், புத்தகத்தை விற்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவன் நீ. உன்னை நினைத்தால் எனக்குப் பெருமைதான், கியூம்ரி சித்தியிடம் கேட்டுப் பார், உன் பேச்சை எடுத்தால் நான் நிறுத்துவதே இல்லை என்பாள்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கீழ்வீட்டில் கராபாக்கின் ஸ்டெபனகெர்ட்டிலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அஜர்பைஜான் கராபாக்கைப் பிடித்ததும் ஒரு வாரத்துக்குள் 1 லட்சம் பேருக்கு மேல் லச்சின் சாலை வழியாக வந்தார்களே, அதில் இவர்களும். பையனுக்குப் பதினைந்து வயது. போன செவ்வாய்க்கிழமை அவன் அம்மா மேலே வந்தாள், நான் இலக்கிய ஆசிரியை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு, "மணிக்கு எவ்வளவு?" என்று கேட்டாள். நான் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போய் நின்றுவிட்டேன்.

உனக்குத் தெரியும். நான் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டில் காசுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில், அந்த மேசையில் ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், நீ தேநீர் கொண்டுவந்து வைப்பாய், போகும்போது அவர்கள் பணத்தைச் சர்க்கரைக் கிண்ணத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் எண்ணுவதில்லை. காலையில் அதே பிள்ளைகளுக்கு வகுப்பில் நான் ஆண்டும் பெயரும் மட்டும் சொல்லி எழுதவைத்தேன். நுழைவுத் தேர்வுக்கு வேண்டியதை, யோசிக்க வேண்டியதை, சாயங்காலத்துக்கு என்று ஒதுக்கி வைத்தேன். சம்பளம் ரொட்டிக்கே போதவில்லை, எல்லா ஆசிரியர்களும் செய்தார்கள், அதெல்லாம் உண்மை. ஆனால் வகுப்பில் பாதியை மறைத்தது நான்தான்.

மூன்றாவது பெஞ்சில், சன்னலோரம் ஒரு பையன் இருந்தான். பணம் இல்லாத வீடு, சாயங்காலம் வரமாட்டான். கவிஞர் சாரென்ட்ஸ் பற்றிய பாடம் நடத்தும்போது எழுந்து, "புரட்சியைப் பாடியவரை 1937-இல் ஏன் டீச்சர் சிறையில் சாகவிட்டார்கள்?" என்று கேட்டான். கவிஞரின் தோழி ரெகினா கசார்யான் அவருடைய கையெழுத்துத் தாள்களை மண்ணில் புதைத்துக் காப்பாற்றியதை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன், குரல் தழுதழுக்கச் சொன்னேன். அவனிடம், "அது தேர்வில் வராது, உட்கார்" என்றேன். அதே கேள்வியை அன்று சாயங்காலம் இந்த மேசையில் ஒரு மணிநேரம் பேசினோம். அவன் அந்த வருடமே அப்பாவோடு ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். அப்புறம் என்ன ஆனான் என்று தெரியாது.

நீ கதவோரம் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. யோசிக்கிறவன் எவன் இருக்கிறான் என்று நீ கேட்டபோது, என்னைத்தான் சொல்கிறாயோ என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்படியென்றால் சொல். பேசாமல் மட்டும் இருக்காதே. புத்தகத்தை எரிக்கவில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அந்தப் பையனைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

கீழ்வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை வந்தான். பணம் வேண்டாம் என்றேன், அவன் அம்மா ஒரு ஜாடி மல்பெரி பாகு கொடுத்தனுப்பியிருந்தாள். வாங்கிக்கொண்டேன்.

இரத்த அழுத்த மாத்திரை தவறாமல் சாப்பிடு, அது அப்பா வழி. குழந்தைக்குக் காது வலி போயிற்றா? பக்கத்து வீட்டுப் பெண் 14-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் வருகிறாள், அவளிடம் காய்ந்த ஆப்ரிகாட்டும் ஒரு கட்டம் போட்ட நோட்டும் கொடுத்தனுப்புகிறேன். முதல் பக்கத்தில் குழந்தையின் எழுத்து ஒன்றை மட்டும் பெரிதாக எழுதியிருக்கிறேன், மீதிப் பக்கங்கள் காலி. தினம் பத்து நிமிஷம். நீயே பக்கத்தில் உட்கார், அவள் அம்மாவிடம் தள்ளிவிடாதே. ஒரு பக்கம் முடிந்ததும் படம் எடுத்து அனுப்பு, கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும், கண்ணே. எந்த நேரமானாலும் கூப்பிடு, நான் விழித்துத்தான் இருப்பேன்.

உன் அம்மா