பூச்சாடிக்குக் கீழே இருந்த வரிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டனில் 1730ஆம் ஆண்டு வெளியான ‘பன்னிரு மாத மலர்கள்’ என்னும் அச்சோவிய வரிசையின் ஜனவரிப் படத்தைத் தங்கள் ஞாயிறு மலரில் வண்ணத்தில் கண்டு மகிழ்ந்தேன். ஆனால், இடம் போதாமையாலோ என்னவோ, படத்தின் அடிப்பகுதி வெட்டப்பட்டு, ‘வரவேற்பறை அலங்காரத்துக்காக வரையப்பட்டது’ என்ற குறிப்பு மட்டும் இடம்பெற்றிருந்தது. பூக்களின் அருகே பொடிப்பொடியாகத் தெரிந்த எண்களைப் பார்த்த என் பேத்தி, “புள்ளிகளைச் சேர்க்கும் விளையாட்டா, தாத்தா?” என்று கேட்டாள். அதற்கான விடை, வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருந்தது.

இவ்வரிசையை வெளியிட்ட ராபர்ட் ஃபர்பர் ஓவியரல்லர். கென்சிங்டனில் நாற்றுப்பண்ணை நடத்திய வணிகர். ஆன்ட்வெர்ப்பில் பிறந்த பீட்டர் கஸ்டீல்ஸ் வரைந்து கொடுக்க, ஹென்றி ஃபிளெட்சர் செப்புத்தகட்டில் செதுக்கினார். ஒவ்வொரு பூவுக்கும் ஓர் எண். கீழே அந்த எண்ணுக்கு நேரே செடியின் பெயர். இப்படிப் பன்னிரண்டு படங்களிலும் சேர்த்து 400க்கு மேற்பட்ட செடிவகைகள் காட்டப்பட்டுள்ளன. விலை குறிக்காத விற்பனைப் பட்டியல் என்பதே இதற்குப் பொருத்தமான பெயர். அந்தப் பட்டியலையும் அவர் சும்மா கொடுத்துவிடவில்லை: முன்பதிவு செய்தோருக்கு வண்ணமற்ற தொகுப்பு 1 பவுண்டு 5 ஷில்லிங், கையால் வண்ணம் தீட்டியது 2 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ். தம் சரக்குக்கான விளம்பரத்தையே காசுக்கு விற்ற அந்த வியாபாரியின் சாமர்த்தியத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. 1732இல் பழங்களுக்கும் இதேபோல் மாதத்துக்கொன்றாக ஒரு வரிசை கொண்டுவந்தார்.

இந்தப் படத்தின் ஜனவரியும் இன்றைய ஜனவரி அன்று. பிரிட்டன் 1752 செப்டம்பரில் 11 நாள்களை விட்டுவிட்டுப் புதிய நாள்காட்டிக்கு மாறியது. அதற்கு முந்தைய இப்படத்தின் ஜனவரி, இன்றைய கணக்கில் ஜனவரி 12 முதல் பிப்ரவரி 11 வரை நீள்கிறது. (இன்றைய நம் தை மாதத்துக்கு ஏறக்குறைய நேராக வருவது தற்செயலே.) ஆகவே, எந்தப் பூ எந்த மாதத்தில் பூத்தது என்று இப்படங்களைக் கொண்டு ஒப்பிடுவோர் இந்த வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

அடுத்து பிப்ரவரிப் படத்தை வெளியிடும் எண்ணம் இருந்தால், சாடியைச் சற்றுச் சிறிதாக்கியேனும் அந்தப் பெயர் வரிகளையும் சேர்த்து அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்